ஊறவைத்த இன்ஜின்

ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பானெட்டைத் தூக்கினால் காரின் முன்பாதியே சாய்ந்துகொள்ளும். இரண்டு பக்க மட்கார்டு, ஹெட்லைட், மூக்கு எல்லாம் ஒரே துண்டு. மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். தாம்பரத்தை அடுத்த ஒரு வீட்டுக் கொட்டகையில் பாய் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். புதுப்பேட்டையில் சிறுவயதில் ஸ்பேனர் பிடித்தவர், இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். அவர் எதிரே இருந்தது நான்கு கதவு மார்க் த்ரீ. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நகராத வண்டி.

“ஜாம்தான் பாய். நாலு பேர் சேர்ந்து தள்ளிப் பார்த்தோம், அசையல” என்றார் சொந்தக்காரர். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். கார் அவருடைய அப்பா வாங்கியது.

“எந்த கியர்ல போட்டுத் தள்னீங்க?”

“செகண்டு.”

“செகண்டுல டயர்தான் சார் தேயும். செல்ஃப் அடிச்சீங்களா?”

“ரெண்டு மூணு தடவை.”

பாய் முகத்தைச் சுளித்தார். கூட வந்திருந்த பையனிடம் கையை நீட்டி, “ஸ்டார்ட்டர் மோட்டாரக் கழட்டு” என்றார். எனக்கு வியப்பாக இருந்தது. ஜாம் ஆனது இன்ஜின், இவர் ஏன் ஸ்டார்ட்டருக்குப் போகிறார்?

இந்தத் தொழிலின் முதல் பாடமே அதுதான். ‘இன்ஜின் ஜாம்’ என்று சொல்லி வரும் வண்டிகளில் ஒரு பங்குக்கு இன்ஜின் ஜாமே ஆகியிருக்காது. பழைய லூகாஸ் வகை ஸ்டார்ட்டரின் பினியன், ஃப்ளைவீலின் பல்லில் மாட்டிக்கொண்டு திரும்பாமல் நின்றிருக்கும். டைனமோவோ வாட்டர் பம்போ துருப்பிடித்து ஃபேன் பெல்ட்டை இறுக்கியிருக்கும். இன்னும் சிலவற்றில் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கும். அப்போது பெடலை மிதித்தாலும் கியர் விலகாது, பார்ப்பவர் இன்ஜின்மேல் பழி போடுவார். பாய் ஸ்டார்ட்டரை எடுத்தார், பெல்ட்டைக் கழற்றினார், கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். பிறகு கிராங்க் புல்லியின் நடுவில் இருந்த பெரிய நட்டில் ஸ்பேனரை மாட்டி, பூட்டைத் திறந்து பார்ப்பவர் போல லேசாக ஓர் அழுத்து அழுத்தினார். அசைவே இல்லை.

“இப்ப சொல்லலாம், ஜாம்.”

இந்தக் கார் பிறந்த கதையிலும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. 1953இல் இங்கிலாந்தின் ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற பாடி கட்டும் கம்பெனியைப் போட்டி கார் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிக்கொண்டது. கோவென்ட்ரியின் ஸ்டாண்டர்டு ட்ரையம்ஃபுக்குப் புதிய காருக்கான முழு பாடி செய்து தர ஆளில்லாமல் போனது. ஆகவே எல்லோரும் சேஸிஸ் இல்லாத கார்களுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் ஹெரால்டு மட்டும் தனி சேஸிஸில், துண்டு துண்டாக போல்ட்டு போட்டு முடுக்கும் பாடியுடன் 1959இல் வந்தது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் ஜோவான்னி மிக்கெலோட்டி. வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961இல் இதைச் செய்யத் தொடங்கியது. நான்கு கதவு மாடல் 1968இல் வந்தது. கல்கத்தாவுக்கு அம்பாசிடர், பம்பாய்க்கு ஃபியட் என்றால் மெட்ராஸுக்கு ஹெரால்டு. 948 சி.சி., நான்கு சிலிண்டர், பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. போல்ட்டு போட்ட பாடி என்பதால் துருப்பிடித்த துண்டை மட்டும் மாற்ற முடிகிறது. அன்றைக்கு வேறு வழியில்லாமல் செய்தது இன்று பழைய கார் பிரியர்களுக்கு வரமாகிவிட்டது.

ஓடாமல் நிற்கும் இன்ஜின் ஏன் பிடித்துக்கொள்கிறது? பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இருக்கும் இடைவெளி மில்லிமீட்டரின் நூறில் சில பங்குதான். பிஸ்டன் அலுமினியம், ரிங்கும் சுவரும் இரும்பு. எந்த நிலையில் நின்றாலும் நான்கு சிலிண்டரில் ஏதாவது ஒன்றின் வால்வு திறந்துதான் இருக்கும். அந்த வழியாக ஈரக்காற்று உள்ளே போகும். சென்னையின் ஐப்பசி கார்த்திகைக்கு இதைவிட வசதியான வாசல் கிடையாது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். ரிங் நிற்கும் கோட்டில் அது புடைத்தால் பிஸ்டன் அங்கேயே பூட்டிக்கொள்ளும். இந்த வண்டியில் ஏர் ஃபில்டரையும் யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

பிளக்குகளைக் கழற்றிய பாய், தான் கலந்து கொண்டுவந்திருந்ததை ஊற்றினார். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். ஆயில் பாதி, அசிட்டோன் பாதி. இரண்டும் ஒன்றாக நிற்காது, குலுக்கிக் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். அசிட்டோன் ஆயிலை இளக்கித் துருவுக்குள் இறக்கிவிட்டு, தான் ஆவியாகிவிடும். அவர் பழகிய காலத்தில் டீசல்தான், சில மேஸ்திரிகள் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். கொட்டகை வாசலில் பீடி பற்றவைக்கப் போன பக்கத்து வீட்டுக்காரரைப் பையன் விரட்டினான். பிளக் துளைகளில் துணி அடைத்தாயிற்று.

“எப்ப பாய் வருவீங்க?”

“அடுத்த வாரம் வந்து ஊத்திட்டுப் போவேன். அதுவரைக்கும் யாரும் கை வைக்க வேணாம் சார்.”

இணையத்தில் இந்த வேலையின் வீடியோக்கள் ஏராளம். நீளமான பைப்பை ஸ்பேனரில் செருகி நாலு பேர் தொங்குவார்கள். கயிறு கட்டி டிராக்டரால் இழுப்பார்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம், கைதட்டல். அந்த ‘டக்’ பல சமயம் பிஸ்டனில் ரிங் உட்காரும் வரப்பு உடைந்த சத்தம். வால்வு கைடில் பிடித்திருந்தால் புஷ்ராடு வளையும். பாயின் முறை வேறு. ராக்கர் ஷாஃப்ட்டை எடுத்துவிட்டு, எட்டு வால்வையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். இரண்டு திரும்பவில்லை. இன்ஜினைச் சுற்றும் முன்பே அது தெரிந்தது நல்லது. எட்டு புஷ்ராடையும் அட்டைப்பெட்டியில் துளை போட்டு வரிசையாகக் குத்தி எண் எழுதினான் பையன். எது எங்கே இருந்ததோ அங்கேயே திரும்பப் போக வேண்டும். தேய்மானம் ஜோடி ஜோடியாகப் பழகியிருக்கும்.

ஊறிய பிறகு காரை டாப் கியரில் போட்டு முன்னும் பின்னுமாக ஆட்டினார்கள். டாப் கியரில்தான் சக்கரத்தின் திருப்பு விசை அதிகம் குறையாமல் இன்ஜினுக்குப் போய்ச் சேரும். கீழ் கியரில் அது மேலும் குறைந்துவிடும், டயர்தான் வழுக்கும். புல்லி நட்டைப் பின்புறமாகத் திருப்ப அவர் விடவில்லை, நட்டே கழன்று வந்துவிடும் என்றார். பின்னோக்கி அசைக்க ஸ்டார்ட்டர் இருந்த துளை வழியாக ஃப்ளைவீல் பல்லில் ஒரு லீவரைக் கொடுத்தார். அவர் தேடியது அரை மில்லிமீட்டர் அசைவு. ஃப்ளைவீலில் சாக்பீஸால் ஒரு கோடு. கோடு நின்ற இடத்திலேயே நின்றது.

சொந்தக்காரர் பொறுமை இழந்தார். “இன்னும் கொஞ்சம் பலமா அழுத்தினா வராதா பாய்?”

“வரும் சார். எது வரும்னு சொல்ல முடியாது.”

எவ்வளவு காலம் ஊறவைப்பது, எப்போது போதும் என்று ஹெட்டைத் திறப்பது? இதற்கு எந்தக் கையேட்டிலும் எண் கிடையாது. பிளக் துளை வழியாகக் குச்சி விட்டுப் பார்த்தால், மூன்று சிலிண்டர்களில் கலவை மெல்ல இறங்கியிருந்தது. மூன்றாம் எண் சிலிண்டரில் மட்டும் ஊற்றிய அளவிலேயே நின்றது. அங்கே துரு வழியையே அடைத்துவிட்டது என்று அவர் ஊகித்தார், ஹெட்டைக் கழற்ற முடிவெடுத்தார். ஃபியட்டில் என்றால் அலுமினிய ஹெட், இரும்பு ஸ்டட்டோடு உப்புப்பூத்து ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். இது இரும்பு ஹெட் என்பதால் ரப்பர் சுத்தியலின் சில தட்டல்களில் விட்டது.

ஊகம் சரிதான். மூன்றாம் சிலிண்டரின் சுவரில் காவி நிறத்தில் ஒரு வளையம். மேலே தெரிந்த துருவை மெல்லிய எமரியால் தேய்த்து எடுத்து, மறுபடி ஆயில் விட்டார்கள். பிறகு பாய் சிலிண்டர் அளவுக்குக் கடைந்த ஒரு மரத்துண்டை எடுத்தார். பல இன்ஜின்களைப் பார்த்த கட்டை, ஓரமெல்லாம் கறுத்திருந்தது. அதைப் பிஸ்டன் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டல். ஓங்கி அடிக்கவில்லை. தட்டுவதற்கும் இடம் பார்க்க வேண்டும். பிஸ்டன் உச்சியில் நின்றால் ராடு நேராக இருக்கும், அடி முழுவதும் பேரிங்கில்தான் இறங்கும், கிராங்க் திரும்பாது. இந்த வண்டியில் பிஸ்டன் பாதி வழியில் நின்றதால் வேலை எளிதாயிற்று. இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தே ஏறி இறங்கும் பிஸ்டன்கள். ஆகவே இரண்டிலும் மாறி மாறித் தட்டினார். பையன் கண் சாக்பீஸ் கோட்டிலேயே இருந்தது.

“பாய், வந்துச்சு!”

நகர்ந்தது நகக்கண் அளவு. பாய் உடனே நிறுத்தி, லீவரால் அதே அளவு பின்னால் கொண்டுவந்தார். மறுபடி முன்னால், பின்னால். மதியச் சாப்பாட்டுக்கு முன் கிராங்க் ஒரு முழுச் சுற்று வந்துவிட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் சொந்தக்காரருக்குச் செலவு மிச்சம். அவர் ஆசையும் அதுதான்: சுற்றுகிறதே, ஹெட்டை மாட்டி ஸ்டார்ட் செய்துவிடலாமே. பாய் அவர் கையைப் பிடித்து மூன்றாம் சிலிண்டருக்குள் நகத்தால் வருடச் சொன்னார். நகம் குழியில் தடுக்கியது. அந்தக் குழிகளில் புது ரிங்கும் தேயும், ஆயில் மேலேறிப் புகைந்துகொண்டே இருக்கும். ஊறவைத்து விடுவித்த இன்ஜின் எல்லாவற்றையும் பிரித்தே ஆக வேண்டும் என்பதில்லை. துரு மேலோட்டமாக இருந்தால் அப்படியே பல ஆண்டு ஓடியவை உண்டு. இது அந்த ரகமில்லை.

பிளாக் புதுப்பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போனது. கரியைத் துடைத்ததும் பிஸ்டன் தலையில் ‘020’ என்ற முத்திரை தெரிந்தது. அப்பா காலத்திலேயே ஒருமுறை சிலிண்டரைக் குடைந்து போர் போட்டிருக்கிறார்கள். இங்கே அளவு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று ஏறும். முப்பதில் குழி மறையாது, நாற்பதுதான் என்றார் லேத்காரர். நாற்பதையும் தாண்டினால் லைனர் இறக்க வேண்டும். பிஸ்டன் கையில் வராமல் அவர் மெஷினில் பிளாக்கை ஏற்றவில்லை. பெட்டியில் போட்டிருக்கும் அளவை நம்புவதில்லை, மைக்ரோமீட்டரில் ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து அதற்கேற்பத்தான் போர் போடுவார். பழைய ஸ்டாக்குக்காக ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் சொல்லி வைத்தார்கள். செம்பியத்தில் 1949 முதல் பிஸ்டன் வார்த்துவந்த ஊர் இது. பரண்களில் இன்னும் ஏதாவது கிடைக்கத்தான் செய்கிறது.

லேத்காரர் ஹெட்டையும் விடவில்லை. இந்த இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்குப் பழகியது. அந்த ஈயம் வால்வு சீட்டுக்கு ஒரு மெத்தை. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல்தான். எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான சீட் வளையங்களைப் பொருத்தினார். அவரிடம் உதவியாளர் இல்லை. வந்த பையன்கள் சி.என்.சி. பழகி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய்விட்டார்கள். பாயின் பையனுக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேரும் யோசனை இருக்கிறது. அங்கே ஸ்கேனரை மாட்டினால் கோளாறு எண்ணாக வந்துவிடும், மாதச் சம்பளமும் உண்டு. அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஒரு ஹெரால்டுக்காகப் பாய் செலவழிக்கும் நேரத்தில் பத்து மாருதிக்கு கிளட்ச் மாற்றிவிடலாம், பணமும் அதில்தான். பழைய வண்டி வேலையை அவர் கூலிக் கணக்கில் பார்ப்பதை விட்டு நாளாகிறது. ஆனால் சொந்தக்காரர்கள் அதைச் சலுகையாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது என் கருத்து.

பூட்டும்போது பாய் அதிக நேரம் எடுத்துக்கொண்டது இந்த இன்ஜினுக்கே உரிய ஒரு பலவீனத்தில். கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் அரைவட்ட த்ரஸ்ட் வாஷர் தேய்ந்தால் கழன்று ஆயில் சம்பில் விழுந்துவிடும். பிறகு கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னால் தள்ளப்பட்டு பிளாக்கையே அரைக்கும். ஹெரால்டு வாங்கப் போகிறவர்கள் ஒருவரை கிளட்ச் மிதிக்கச் சொல்லிவிட்டுப் புல்லியைப் பார்க்க வேண்டும். அது கண்ணுக்குத் தெரிய முன்னே வந்தால் விலை பேசவே வேண்டாம்.

ஸ்டார்ட் செய்த நாளில் டேங்க் பக்கமே போகவில்லை. உள்ளே பெட்ரோல் வார்னிஷாகி நாறியது. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் புது பெட்ரோல் ஊற்றித் தொங்கவிட்டு, ட்யூபை நேராக கார்புரேட்டருக்குக் கொடுத்தார்கள். முதலில் பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து, ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை சுற்றவிட்டார் பாய். பிறகுதான் பிளக். இரண்டு முறை தும்மி, மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. சொந்தக்காரர் போனில் படம் பிடித்தார். பாய் சத்தத்தைக் கேட்காமல் சைலன்ஸர் முனையில் கையை வைத்துப் பார்த்தார், பிறகு ரேடியேட்டருக்குள் குமிழி வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். சூடேறியதும் அணைத்து ஆயிலை வடித்துவிட்டு, புது ஆயில் ஊற்றச் சொன்னார். பங்க்குகளில் இப்போது எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் என்பதால் பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்ற வேண்டும், வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கைக் காலியாக வைக்க வேண்டும் என்று இரண்டு கட்டளைகள்.

சொந்தக்காரர் அதற்குள் பதிவுப் பேச்சுக்குப் போய்விட்டார். ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் வந்த விதிப்படி ‘வி.ஏ.’ எழுத்துள்ள தனி எண் வாங்கலாம். கட்டணம் இருபதாயிரம் ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். ஆனால் கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். தினமும் காய்கறி வாங்கப் போக ஆசைப்படுபவருக்கு அது சரிப்படாது. அவருக்கு ஆசை காய்கறி வாங்கத்தான்.

“நம்பர் அப்பறம் சார். நாலு வீல் சிலிண்டரும் புடிச்சிருக்கு, பிரேக் இல்லாம கேட்டத் தாண்ட வேணாம்” என்றார் பாய். பையன் பின்சக்கரத்திலிருந்து ஒன்றைக் கழற்றி, மாதிரிக்காகச் செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் கிட் கேட்டுவர பைக்கை எடுத்துக்கொண்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குக் கிளம்பினான்.