கை உயரும் நேரம்

தம்பி, போன வாரம் வந்தபோது நீ ஒன்று சொன்னாய்: "கச்சேரி ஒண்ணும் வரலை மாமா, அதனால க்ளாஸ் எடுத்துக்கிட்டிருக்கேன்." அந்த 'அதனால' இன்னும் என் காதில் நிற்கிறது. நாற்பது வருஷம் பாட்டு சொல்லிக்கொடுத்தவன் நான். உன் வயதில் நானும் இதையே, இதே தாழ்ந்த குரலில் சொல்லியிருக்கிறேன். அன்று ரஷ்ய இசை ஆசிரியர் இல்யா மூசினைப் பற்றி எனக்குச் சொல்ல யாரும் இல்லை.

வோல்கா கரையில் கஸ்த்ரமா அவர் ஊர். 1919ல் பியானோ படிக்கப் பெத்ரோகிராத் இசைக் கல்லூரிக்கு வந்தார். உள்நாட்டுப் போர்க்காலம், கணப்புக்கு விறகு கிடையாது. எலும்பை உறைய வைக்கும் குளிரில் விடாமல் சாதகம் செய்ததில் கை பழுதாகிவிட்டது. பியானோவை விட்டார், இசையை விடவில்லை. நிக்கலாய் மால்கோவிடம் ஆர்கெஸ்ட்ரா நடத்தக் கற்றார். 1932ல் அதே கல்லூரியில் ஆசிரியரானார்.

அவருக்கு மேடையே கிடைக்கவில்லை என்று நினைத்துவிடாதே. மின்ஸ்க் நகரத்து ஆர்கெஸ்ட்ராவைச் சில ஆண்டுகள் நடத்தினார். இரண்டாம் உலகப் போரில் கல்லூரி தாஷ்கண்டுக்கு இடம்பெயர்ந்தபோது, 1942ல் அங்கே ஷோஸ்தகோவிச்சின் ஏழாவது சிம்பொனியை நடத்தினார். ஆனால் அவர் படித்து ஆசிரியரான நகரத்தின், லெனின்கிராட் என்று பெயர் மாறிவிட்ட பெத்ரோகிராதின், பெரிய ஆர்கெஸ்ட்ரா அவர் கைக்கு வரவேயில்லை. 1938லிருந்து ஐம்பது வருஷம் அந்த மேடையில் நின்றவர் மிராவின்ஸ்கி. அவரும் மால்கோவிடம் படித்தவர்தான். ஐம்பது வருஷம், தம்பி! அந்த வலியை நான் சின்னதாக்கிச் சொல்ல மாட்டேன்.

இனி அவருடைய வகுப்பறைக்கு வா. அங்கே ஆர்கெஸ்ட்ரா கிடையாது. இரண்டு பியானோ, வாசிக்க இரண்டு பேர், எதிரே கையைத் தூக்கியபடி ஒரு மாணவன். சிம்பொனி முழுவதும் அந்த இரண்டு பியானோக்களுக்குள் அடங்க வேண்டும். மூசின் பார்ப்பது அந்தக் கையைத்தான், அதிலும் முதல் ஒலிக்கு முந்திய அசைவை. நாம் பாட வாயெடுக்குமுன் மூச்சு இழுக்கிறோமே, ஆர்கெஸ்ட்ரா நடத்துபவருக்கு அந்த மூச்சு கையில் இருக்கிறது. எந்த வேகம், எவ்வளவு சத்தம், கோபமா கொஞ்சலா என்பதெல்லாம் கை மேலே போகும்போதே தெரிந்துவிட வேண்டும். கீழே இறங்கிய பிறகு தெரிந்து பயனில்லை, ஒலி பிறந்துவிடும். வாயால் விளக்காமல் இதைக் கையாலேயே சொல்ல முடியும், சொல்லித்தரவும் முடியும் என்று நம்பி, அதை ஒரு முறையாக வகுத்து, 1967ல் புத்தகமாகவும் எழுதினார். வேறு வழியில்லாமல் வகுப்பெடுத்த ஆளுக்கு இது வருமா? மேடைக்கு என்னென்ன கொடுத்திருப்பாரோ அத்தனையும் அந்த அறைக்குள் கொடுத்தார் என்பதுதான் என் எண்ணம்.

1988ல் மிராவின்ஸ்கி காலமானார். அந்த இடத்துக்கு வந்தவர் தெமிர்கானவ், மூசினின் மாணவர். அதுவரை தெமிர்கானவ் வகித்து, அதனால் காலியான கீரவ் இசைநாடக அரங்கின் தலைமைக்கு வந்தவர் கெர்கியெவ். அவரும் மூசினின் மாணவர். நகரத்தின் இரண்டு பெரிய மேடைகளும் ஒரே வருஷத்தில் அந்த அறைப் பிள்ளைகளிடம் வந்துவிட்டன. இதை எழுதும்போதே எனக்குக் கண் கலங்குகிறது.

தொண்ணூறைத் தாண்டிய வயதில் லண்டன் அவரை அழைத்து ஆர்கெஸ்ட்ரா நடத்தச் சொன்னது. போய் நடத்தினார், திரும்பி வந்து மறுபடி பாடம் எடுத்தார். 1999ல் மறையும்போது அவருக்கு 95 வயது.

காலை ஆறரைக்கு ஒரு சின்னப் பெண் சரளி வரிசை பாட வருகிறாள் என்றாயே, பாதித் தூக்கத்தில் அவளுக்குத் தாளம் போடுகிறாயா? நாளைக்கு ஆறு மணிக்கே குளித்துவிட்டு உட்கார். அவள் படியேறும்போதே சுருதிப் பெட்டி பாடிக்கொண்டிருக்கட்டும்.