பீரங்கிக் குண்டும் மன்னர் மானியமும்

ரம்மி ஆடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் திடீரென்று, "இனிமேல் ஜோக்கருக்கு மதிப்பு கிடையாது, எல்லோரும் ஓட்டுப் போடுங்கள்" என்றால் என்ன ஆகும்? சண்டைதான் வரும். ஆனால் அப்படிக் கேட்பதையே ஆட்டமாக வைத்த விளையாட்டு ஒன்று இருக்கிறது. பெயர் நோமிக். உருவாக்கியவர் அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் பீட்டர் சூபர். 1982ல் டக்ளஸ் ஹாஃப்ஸ்டாடர் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் இதைப் பற்றி எழுதிய பிறகு வெளியே தெரிய வந்தது.

ஆடுவது எளிது. முறை வந்தவர் ஒரு விதிமாற்றத்தை முன்மொழிய வேண்டும். மற்றவர்கள் வாக்களிப்பார்கள். பிறகு பகடை, பிறகு புள்ளி. விதிகளில் இரண்டு வகை. 100 வரிசையில் இருப்பவை கெட்டியானவை, 200 வரிசையில் இருப்பவை இளகியவை. கெட்டியான விதியில் கை வைக்க வேண்டுமானால் முதலில் அதை இளகிய வரிசைக்கு இறக்க வேண்டும். அதற்கு எல்லோருடைய சம்மதமும் தேவை. வாக்களிக்கும் விதியையே வாக்களித்து மாற்றலாம் என்பதுதான் இதில் வேடிக்கை!

சரி, சிக்கலுக்கு வருவோம். "இந்த முறை எனக்கு ஓட்டுப் போடு, அடுத்த முறை உனக்குப் போடுகிறேன்" என்று இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் வாக்கு மாறிவிட்டார். என்ன செய்வது? சூபரின் ஆரம்ப விதிகளில் ஒப்பந்தத்துக்கென்று தனி விதி கிடையாது. வேண்டுமானால் "ஒப்பந்தம் மீறினால் புள்ளி குறையும்" என்று ஒரு விதியை முன்மொழியலாம். 1993 முதல் மின்னஞ்சலில் நடந்துவரும் 'அகோரா' ஆட்டத்தில் ஒப்பந்தங்களுக்கான விதிகள் இருந்திருக்கின்றன. ஆனால் அந்த விதியையும் அடுத்த முன்மொழிவில் ரத்து செய்யலாமே? அப்போது ஒப்பந்தம் பெரிதா, முன்மொழிவு பெரிதா?

இது வெறும் விளையாட்டுக் கேள்வி இல்லை. இதன் ஒரு பாதி மஞ்சக்குப்பத்துக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது.

மஞ்சக்குப்பத்திலிருந்து கடற்கரைப் பக்கம் போனால் தேவனாம்பட்டினம். அங்கிருந்த கோட்டையை 1690ல் செஞ்சியிலிருந்த மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் சேர்த்தி. எவ்வளவு நிலம்? பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை! ஏக்கர் கணக்கு இல்லை, எல்லைக்கல் இல்லை. கம்பெனிக்காரர்கள் சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து வரவழைத்துச் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது. அந்த ஊர்க்காரர்களை யாரும் கேட்கவில்லை.

ஒப்பந்தத்தின் குணம் இது. கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு பேர், கட்டுப்படுகிறவர்கள் ஊர் முழுக்க. அதோடு, வாசகத்தில் இடைவெளி விட்டால் பீரங்கி வைத்திருப்பவன் அதை நிரப்பிக்கொள்வான்.

இன்னொரு பாதி டெல்லியில் நடந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்தபோது மன்னர்களுக்கு ஆண்டுதோறும் மானியம் தருவதாக ஒப்பந்தம் ஆயிற்று. 1948ல் சென்னை மாகாணத்தோடு சேர்ந்த புதுக்கோட்டையும் இணைந்த சமஸ்தானங்களில் ஒன்று. வெறும் ஒப்பந்தமாக விடாமல், அந்த மானியத்தை அரசியல் சட்டத்தின் 291ஆவது பிரிவில் எழுதி வைத்தார்கள். நோமிக் பாஷையில் சொன்னால், ஒப்பந்தத்தைக் கெட்டியான விதியாக உயர்த்தினார்கள்.

1970ல் இந்திரா காந்தி அரசு மானியத்தை ஒழிக்க ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தது. மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் ஆதரவு 149, எதிர்ப்பு 75. மூன்றில் இரண்டு பங்குக்கு 150 வேண்டும். ஒரே ஒரு ஓட்டில் மசோதா தோற்றது! உடனே அரசு குறுக்கு வழியில் போனது. குடியரசுத் தலைவர் உத்தரவு மூலம் மன்னர்களுக்கான அங்கீகாரத்தையே நீக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்றது. பிறகு தேர்தல், பெரும்பான்மை, 1971 டிசம்பரில் 26ஆவது திருத்தம். மானியம் போயிற்று. 1993ல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

கவனித்துப் பார்த்தால் அரசு நினைத்தது இரண்டு முறையும் ஒன்றுதான். உத்தரவு தோற்றது, திருத்தம் ஜெயித்தது. வித்தியாசம் போன வழியில்தான் இருக்கிறது.

"கொடுத்த வாக்கை மீறலாமா?" என்று கேட்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அந்த வாக்கை நம்பித்தான் மன்னர்கள் நாட்டைக் கொடுத்தார்கள். ஆனால் பிறந்த குடும்பத்துக்காக ஒருவருக்கு வரியில்லாத பணம் என்றென்றைக்கும் தர வேண்டும் என்று பிந்தைய தலைமுறையைக் கட்டிப்போடுவதும் குண்டு கிராமக் கதைதான். கையெழுத்துப் போடாதவனும் கட்டுப்பட வேண்டியிருக்கிறது.

ஆகவே முன்மொழிவுதான் பெரிது என்று சொல்லலாம், ஒரு நிபந்தனையோடு. ஒப்பந்தத்தை உடைக்கும் முன்மொழிவு, அந்த ஒப்பந்தம் எந்தப் பூட்டுக்குள் இருக்கிறதோ அந்தப் பூட்டைத் திறந்துகொண்டுதான் உள்ளே போக வேண்டும். 149 ஓட்டு இருக்கும்போது 150 இருப்பதாக நடிக்கக் கூடாது. இந்த ஒன்றை விட்டுவிட்டால் மிச்சம் இருப்பது யாருடைய பீரங்கி பெரியது என்ற கணக்கு மட்டும்தான். அந்த ஆட்டத்தில் விதிப்புத்தகம் தேவையே இல்லை.