கொடைக்கானலில் சூரியனுக்குக் காவல் இருப்பவர்கள்

பெங்களூரு காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண் சூரிய ஆய்வாளர். சூரிய வளிமண்டலத்தில் எழும் அலைகள் அவருடைய துறை. அடுப்பை விட்டு விலகினால் சூடு குறையும். சூரியனில் அப்படி இல்லை. மேற்பரப்பில் ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ். முழு கிரகணத்தின்போது வெண்ணிற ஒளிவட்டமாகத் தெரியும் கொரோனாவிலோ 10 லட்சம் டிகிரிக்கும் மேல். பிளாஸ்மாவும் காந்தப்புலமும் பின்னிக் கிடக்கும் இடத்தில் ஒருவகை அலை எழும் என்று ஹானஸ் ஆல்வென் 1942-ல் சொன்னார். அத்தகைய அலைகள் ஆற்றலை மேலே சுமந்து போகலாம். எவ்வளவு சுமக்கின்றன என்பதில்தான் வழக்கு இன்னும் தீரவில்லை.

"இதையெல்லாம் கம்ப்யூட்டர்லயே பார்த்துடுவியாம்மா?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டருக்கு வர்றதுக்கு முன்னாடி யாராவது படம் எடுத்திருக்கணும் இல்லையா அங்கிள்? கொடைக்கானல் வாங்க, காட்டுறேன்."

போனேன். அவர் வேலை பார்க்கும் கோரமங்கலா இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பழைய வேர் இந்த மலையில்தான் இருக்கிறது. 1899-ல் நிறுவப்பட்ட ஆய்வகம். கடல்மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரம். 1904 முதல், மேகம் விட்ட நாளெல்லாம் இங்கே சூரியனைப் படம் எடுத்துவருகிறார்கள்.

இந்த வேலைக்குக் காலைதான் நேரம். வெயில் ஏறித் தரை சூடானால் காற்று கலங்கும், சூரியனின் விளிம்பு நடுங்கும், நுணுக்கமெல்லாம் கரைந்துவிடும். அதனால் படம் எடுக்கும் பார்வையாளர்கள் விடிந்ததும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மேகம் கொஞ்சம் விலகினால் போதும், பேச்சு நின்றுவிடும்.

சுரங்கத் தொலைநோக்கியை நான் சுலபத்தில் மறக்கமாட்டேன். 11 மீட்டர் கோபுரத்தின் மேல், சூரியனோடு சேர்ந்து திரும்பும் 60 செ.மீ. கண்ணாடி. அது பிடித்த வெளிச்சம் கீழே இறங்கி, பூமிக்கடியில் 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் கிடையாகப் போகிறது. கடைசியில் 34 செ.மீ. அகலத்தில் சூரியன் விழுகிறது. அந்த அளவில் நம் பூமி 3 மில்லிமீட்டர்தான். அதைவிடப் பெரிய கரும்புள்ளி ஒன்றைப் பார்வையாளர் மெல்ல நகர்த்தி, மெல்லிய பிளவின் மேல் நிறுத்தினார். பிளவுக்குள் போன ஒளி நிறமாலையாக விரிகிறது. அதில் உள்ள கறுப்புக் கோடுகள் நீலப் பக்கம் சாய்ந்தால் வாயு நம்மை நோக்கி வருகிறது. சிவப்புப் பக்கம் சாய்ந்தால் விலகுகிறது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் இந்த ஆய்வகத்தில்தான், கரும்புள்ளியைச் சுற்றி வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டார். உலகம் அதை எவர்ஷெட் விளைவு என்கிறது.

அலையைத் தேடுகிறவர்களுக்கு ஒருமுறை பார்த்தால் போதாது. மேற்பரப்பு சுமார் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. கரும்புள்ளிக்கு மேலேயுள்ள அடுக்கில் சுமார் 3 நிமிடம். புள்ளி பிளவை விட்டு நழுவாமல் பிடித்துவைத்துத் தொடர்ந்து பதிவு செய்யவேண்டும். கண்ணும் கையும் பழகியிருக்கவேண்டிய தொழில் இது. இங்கே மூன்று தலைமுறையாக இதே வேலையைச் செய்த குடும்பமும் உண்டு.

பழைய சூரிய வரைபடங்களில் ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். அன்றன்றைய ஒளிப்படங்களைப் பார்த்து, கட்டமிட்ட வட்டத்தாளில் கரும்புள்ளிகளையும் இழைகளையும் வெவ்வேறு நிறத்தில் கையால் வரைந்திருக்கிறார்கள். பிசிறில்லாத கோடு. வரைந்தவர் யார் என்று பார்க்கிறவருக்குத் தெரியாது.

2023 செப்டம்பர் 2-ல் கிளம்பிய ஆதித்யா-எல்1 விண்கலம் இப்போது பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் நின்று சூரியனைப் பார்க்கிறது. அதில் உள்ள, கொரோனாவைப் பார்க்கும் கருவி இதே வானியற்பியல் நிறுவனம் செய்ததுதான், மகிழ்ச்சி. ஆனால் நூறாண்டு கடந்த பதிவை எந்த விண்கலமும் தரமுடியாது. அதைத் தந்தவர்கள் கொடைக்கானலின் குளிரில் நின்றவர்கள். அந்தப் படங்களை வைத்து எழுதும் ஆய்வாளர்களுக்கு என் வேண்டுகோள்: தேதியோடும் கருவியோடும் படம் எடுத்தவரின் பெயரையும், ஆய்வகப் பதிவேட்டில் கிடைக்கும்போதெல்லாம், போடுங்கள்.