ஊஞ்சல் பலகையின் அடிப்பக்கம்

பழைய தேக்கை அறுப்பதற்கு முன் ஆணி தேட வேண்டும். ஆசாரி ஒரு காந்தத்தை நூலில் கட்டி, உத்தரக் கட்டையின் நான்கு முகங்களிலும் மெல்ல இழுத்துக்கொண்டு போகிறார். நூல் எங்கே சாய்கிறதோ அங்கே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம். ஆணி உள்ளே முறிந்து புதைந்திருந்தாலும், இரும்பு பட்ட இடத்தில் தேக்கு கறுத்துப்போய் காட்டிக்கொடுத்துவிடும். "ஒரு ஆணி பட்டாப் போதும் தம்பி, ரம்பத்துல பல்லு மிஞ்சாது. அப்புறம் மில்லுக்காரரு நம்ம கட்டையத் தொடவே மாட்டாரு" என்றார்.

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் சாலையில், பிரதான வழியை விட்டு உள்ளே ஒதுங்கிய ஊர். வீட்டுச் சுவரை ஒட்டி இறக்கிய தகரக் கொட்டகைதான் பட்டறை. பாதி இடத்தை மரம் அடைத்துக்கொண்டிருக்கிறது. மீதிப் பாதியில் ஒரு வேலை மேசை, சுவரில் வரிசையாக உளிகள், இழைப்புளிகள், மூலைமட்டம், பிடி தேய்ந்து பளபளக்கும் ஒரு கொட்டாப்புளி. மேசைக்கடியில் மின்சார இழைப்பு மெஷினும் இருக்கிறது. கையால் இழைப்பதுதான் கலை என்று ஊருக்கு உபதேசம் செய்பவர்கள், சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே நின்று ஒரு தேக்குப் பலகையை இழைத்துப் பார்க்க வேண்டும். முரட்டு இழைப்பு மெஷினுக்கு, கடைசி இழைப்பு கைக்கு. அது அவர் வைத்திருக்கும் பாகப்பிரிவினை.

அன்று அறுபட இருந்தது, இடித்த வீடொன்றின் உத்தரம். நகரத்தார் பர்மாவில் வட்டித் தொழில் நடத்திய காலத்தில் அங்கிருந்து கப்பலில் வந்த மரம். 1942 மார்ச்சில் ஜப்பான் படை ரங்கூனுக்குள் நுழைந்தபோது, பலர் போட்டது போட்டபடி கிளம்ப வேண்டியதாயிற்று. தோப்பும் நிலமும் போயின. முன்பே ஊருக்கு வந்துவிட்ட மரம் மட்டும் தூணாகவும் நிலையாகவும் நின்றது. இப்போது பங்காளிகள் நான்கு ஊரில் இருக்க, பராமரிக்க ஆளில்லாமல் வீடுகள் இடிபடுகின்றன. கதவும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. செதுக்கல் எதுவும் இல்லாத உத்தரங்கள் இவரைப் போன்றவர்களிடம் வருகின்றன. மியான்மர் அரசு 2014 ஏப்ரலில் உருண்டை மர ஏற்றுமதியை நிறுத்திய பிறகு இந்தப் பழைய கட்டைகளுக்கு மதிப்பு இன்னும் ஏறிவிட்டது. வீடு இடிவதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் இடிந்த வீட்டின் மரம் செங்கல் சூளைக்குப் போகாமல் இந்தக் கொட்டகைக்கு வருகிறதே என்பதில் ஓர் ஆறுதலும் இருக்கிறது.

தேக்கைக் கன அடியில் விற்கிறார்கள். நீளத்தை அடியிலும் அகலம், கனம் இரண்டையும் அங்குலத்திலும் எடுத்துப் பெருக்கி, 144ஆல் வகுக்க வேண்டும். ஆறடி நீளம், 24 அங்குல அகலம், 2 அங்குலக் கனம் உள்ள ஊஞ்சல் பலகை சரியாக 2 கன அடி. அறுவையிலும் இழைப்பிலும் போவதைச் சேர்த்தால் இரண்டரை கன அடியாவது வாங்கியாக வேண்டும். எட்டு அங்குல உத்தரத்திலிருந்து எட்டு அங்குலத்துக்கு மேல் அகலமான பலகை வராது என்பதால், மூன்று பலகைகளை ஒட்டித்தான் ஓர் ஊஞ்சல். ஒரே பலகையில் ஊஞ்சல் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்களாம். சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுகிறார்.

அறுத்த பலகையை உடனே தொடுவதில்லை. இடையிடையே குச்சி வைத்து, காற்று நடக்கும்படி அடுக்கிவிடுகிறார். எண்பது, நூறு வருஷம் வீட்டுக்குள் காய்ந்த மரத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். "காஞ்ச மரம்னாலும் மூச்சு விடும் தம்பி. உள்ள இருந்த முகம் இப்பத்தான் வெளிய காத்தப் பாக்குது" என்றார். மரம் நீளவாட்டில் அனேகமாக அசைவதில்லை. அகலவாட்டில்தான் சுருங்கி விரியும். இரண்டடி அகலத் தேக்குப் பலகை, ஐப்பசி மழைக்கும் அக்னி வெயிலுக்கும் இடையில் ஒரு நூல், ஒன்றரை நூல் அளவுக்கு வித்தியாசப்படும். எட்டு நூல் ஓர் அங்குலம் என்பது தச்சர் கணக்கு. அந்த ஒரு நூலுக்கு இடம் விடுவதில்தான் இந்தத் தொழிலின் பாதி இருக்கிறது.

மூன்று பலகைகளின் விளிம்புகளையும் இழைத்து, ஒன்றன்மேல் ஒன்று நிறுத்தி, கொட்டகை வாசலை நோக்கிப் பிடிக்கிறார். நடுவில் வெளிச்சம் கசிந்தால் மறுபடி இழைப்பு. ஒரு பலகையின் வைரமுகம் மேலே இருந்தால் பக்கத்துப் பலகைக்குக் கீழே. எல்லாம் ஒரே பக்கம் வளையாமலிருக்க. ஒட்டிய பிறகு பலகையைக் கவிழ்க்கிறார். நான் பார்க்க வந்ததே இதைத்தான். இரண்டு ஓரத்திலிருந்தும் ஏறத்தாழ ஓரடி தள்ளி, குறுக்கே ஒரு காடி வெட்டுகிறார். காடியின் வாய் குறுகல், அடி அகலம். அதே சாய்வில் சீவிய சட்டத்தைப் பக்கவாட்டிலிருந்து கொட்டாப்புளியால் தட்டித் தட்டி உள்ளே ஏற்றுகிறார். சத்தம் மாறுவதை வைத்தே இறுக்கம் தெரிகிறது அவருக்கு. இரண்டு முறை வெளியே எடுத்து, ஒரு சீவல் சீவி மீண்டும் ஏற்றினார். பசை நடுவில் மட்டும், விரல் நுனி அளவு. இரண்டு பக்கமும் சட்டம் சும்மா பிடித்துக்கொண்டிருக்கும். பலகை சுருங்கலாம், விரியலாம். வளைய மட்டும் முடியாது.

சங்கிலி மாட்டும் திருகாணி பலகையையும் சட்டத்தையும் சேர்த்துத் துளைத்துப் போகிறது. சட்டத்தில் போடும் துளையை வட்டமாக விடாமல், அகலவாட்டில் ஒரு நூல் நீட்டி வெட்டுகிறார். யார் பார்க்கப் போகிறார்கள்? யாரும் பார்ப்பதில்லை. சட்டத்தை நெடுகப் பசை தடவி நான்கு திருகாணி முடுக்கினால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். முதல் கோடையில் பலகை நெடுக விரிசல் ஓடும். அதில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, மேலே பாலிஷ் போட்டால் அதுவும் தெரியாது. இரண்டு ஊஞ்சலும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும்போது வாங்குபவர் கண்ணுக்குப் படுவது ஓரத்துப் பூவேலைதான். அதையும் இப்போது சி.என்.சி. மெஷின் செதுக்கிக் கொடுத்துவிடுகிறது.

உப்புத்தாள் வேலை முழுவதும் ஆசாரியின் மனைவி கையில். 80ஆம் நம்பரில் ஆரம்பித்து 120, 220 என்று மூன்று தடவை, நாரோட்டத்தோடு தேய்க்க வேண்டும். குறுக்கே ஓர் இழுப்பு இழுத்தாலும் பாலிஷ் போட்டதும் கீறல் எழுந்து நிற்கும். ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு தேய்க்கிறார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்தது 1995இல். "நல்ல முகக்கவசம் ஒண்ணு வாங்கி வைங்கக்கா" என்றேன். "அதப் போட்டா மூச்சு முட்டுது தம்பி" என்று சொல்லிவிட்டுத் தேய்ப்பைத் தொடர்ந்தார். ஊஞ்சலுக்கு எழுதிய சீட்டைப் பார்த்தேன். மரம், அறுவைக் கூலி, சங்கிலி, பாலிஷ், ஆசாரி கூலி என்று ஐந்து வரிகள். இவருடைய வேலைக்கு வரி இல்லை. வீட்டுப் பட்டறை மலிவாகச் செய்து கொடுக்கிறது என்கிறோமே, அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்பதை அந்தச் சீட்டு சொல்லிவிட்டது.

மகன் கோவையில் பிளைவுட் வேலை பார்க்கிறான், சமையலறை அலமாரிகள். அப்பாவைவிட நன்றாகச் சம்பாதிக்கிறான். அதில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமும் உண்டு. ஆசாரி அதற்கு எழுதிப் போட்டிருக்கிறார். புது மெஷின் வாங்கவா என்று கேட்டேன். இல்லையாம். வீடு இடிகிற சமயத்தில் மரத்தை மொத்தமாக வாங்கி, ஆறு மாதம் போட்டு வைக்க. கையில் காசில்லாத ஆசாரி அவசரமாக அறுத்து அவசரமாக ஒட்டுவார். ஊஞ்சல் விரிசல் விடுவதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

ஊஞ்சல் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பாலிஷ் போடுவதற்கு முன்னால் ஒருமுறை பட்டறைக்குப் போங்கள். பலகையைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். குறுக்குச் சட்டம் காடிக்குள் இறங்கியிருக்கிறதா, வெறும் திருகாணியில் நிற்கிறதா என்று பாருங்கள். காடிக்குள் இருந்தால் பேரம் பேசாதீர்கள். உப்புத்தாள் வேலைக்கு எவ்வளவு என்று கேட்டு, அதையும் சீட்டில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.