கால் எங்கே போகிறது?

ஆரணிப் பக்கம் பட்டு நெய்கிற வீட்டுக்குள் முதன்முறை நுழைகிறவருக்கு, ஆள் இருப்பது உடனே கண்ணில் படாது. தறிச் சத்தம் கேட்கும். ஜக்கார்டுப் பெட்டி உத்தரத்துக்குக் கீழே அசையும். நெய்கிறவரோ தரைமட்டத்தில் உட்கார்ந்து, இரண்டு காலையும் குழிக்குள் விட்டிருப்பார். சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றுவட்டாரத்தில் இன்னும் பல வீடுகளில் இந்தக் குழித்தறிதான்.

நான் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள் இல்லை. ஆரணியில் ஒரு டிசைன் கடையில் கம்ப்யூட்டரில் புடவைக்குக் கிராஃப் போடுகிறேன். மயிலோ, அன்னமோ, கோபுரமோ, எதுவானாலும் திரையில் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். நிரம்பிய கட்டத்தில் பாவு இழை மேலே எழும்பும். காலிக் கட்டத்தில் கீழே கிடக்கும். கிராஃபில் ஒரு வரி என்றால் ஜக்கார்டில் ஓர் அட்டை. லியோன் நகரத்து ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-இல் தன் தறியில் பயன்படுத்திய துளை அட்டை, பின்னால் கணிப்பொறிக்குப் போய், இப்போது கணிப்பொறி வழியாகவே தறிக்குத் திரும்பி வருகிறது. அந்த வழியில் நடுவில் உட்கார்ந்திருப்பவர்கள் என்னைப் போன்றவர்கள். காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால், முகூர்த்த மாதங்களில் இரவு வரைக்கும்.

கடையில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரியவர், "தறியில உக்காராதவங்க போடுற டிசைன்ல ஜரிகை தொங்கும்மா" என்பார். ஜரிகை எங்கும் கட்டுப்படாமல் நீளமாக ஓடினால், புடவை கட்டுகிறவளின் வளையலில் மாட்டும், மோதிரத்தில் மாட்டும். எவ்வளவு நீளம் ஓடலாம் என்பது திரையைப் பார்த்துத் தெரிவதில்லை. அதனால் சேவூரில் தனக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் வீட்டுக்குக் காலை வேளைகளில் அனுப்பினார். அவரை அண்ணா என்றே கூப்பிட்டேன். அவர் என்னைப் பாப்பா என்றார்.

நான் ஜரிகையைக் கற்றுக்கொள்ளப் போனேன். அண்ணா முதலில் நூலைத் தொடவே விடவில்லை. "மொதல்ல உக்காரு. கால் எங்க போவுதுன்னு பாரு" என்றார்.

என் கால் எங்கேயும் போகவில்லை. அந்தக் குழி அவருடைய அப்பாவின் காலுக்கு வெட்டியது. அவர் உயரமான மனிதராம். எனக்கு மிதி எட்டவில்லை. எட்ட வேண்டுமென்று நான் குழி விளிம்புக்கு நகர்ந்தேன். நகர்ந்ததும் இடுப்பு பின்னால் சரிந்து, முதுகு கூன் போட்டுவிட்டது. அண்ணா ஒன்றும் சொல்லாமல் குழிக்குள் இறங்கி, மிதியைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து ஏற்றிக் கட்டினார். மிதிக்காத கால் சும்மா தொங்கக் கூடாது என்று அடியில் ஒரு செங்கல் வைத்தார். பிறகு அவர் வீட்டு அக்கா ஒரு பழைய புடவையை மடித்துக் கொண்டுவந்து, உட்காரும் பலகையின் பின்பக்கம் மட்டும் உயரும்படி போட்டார். தொடை லேசாக முன்னால் சரிந்து இறங்கியது. முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. அதற்குப் பிறகுதான் கை: நெய்த துணி சுருளும் படைமரம் முழங்கைக்கு எந்த உயரத்தில் வருகிறது, ஊடை இழையை நெருக்கும் பலகையை இழுத்து அடிக்கும்போது தோள் தூக்குகிறதா என்று பார்த்தார். கடைசியாகக் கண். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து நெய்த துணிமேல் விழ வேண்டும். எதிரில் இருந்தால் கூசும், பின்னால் இருந்தால் நம் நிழலே பாவுமேல் கிடக்கும்.

கால், இடுப்பு, முழங்கை, கண். அந்த வரிசையை அவர் பாடமாகச் சொல்லவில்லை. அவர் தறியில் யார் உட்கார்ந்தாலும் அப்படித்தான் செய்வார்.

டிசைன் கடையில் இது தலைகீழ். முதலில் மானிட்டருக்கு இடம் பார்ப்போம், பிளக் பாயிண்ட் பக்கத்தில். பிறகு மேசை. மிச்ச இடத்தில் நாற்காலி. கால் என்ற ஒன்று இருப்பதே சாயங்காலம் வீங்கிய பிறகுதான் ஞாபகம் வரும்.

நம் ஊர்த் தச்சர் செய்கிற மேசை வழக்கமாக இரண்டரை அடி உயரம். எழுதுவதற்கே கொஞ்சம் அதிகம். கீபோர்டில் கை வைக்க என்னைப் போலக் குள்ளமானவர்களுக்கு மிகவும் அதிகம். நாற்காலியைத் தாழ்வாக வைத்தால் தோள் காதை நோக்கி ஏறும். உயர்த்தினால் கால் தொங்கும். தொங்குகிற காலின் எடையைத் தொடையின் அடிப்பக்கம் தாங்கும், ரத்த ஓட்டம் தடைப்படும்; கால் தரையைத் தேடும், அதற்காக உடம்பு முன்னால் நழுவும், முதுகு சாய்மானத்தை விட்டுப் போய்விடும். குழி விளிம்பில் எனக்கு நடந்ததும் இதே கதைதான். அண்ணா செய்ததைக் கடையில் செய்தேன். நாற்காலியை முழங்கை கீபோர்டு மட்டத்துக்கு வரும்வரை உயர்த்தினேன். காலுக்கு அடியில் இரண்டு பலகைத் துண்டுகளை ஆணியடித்து ஒரு சின்ன மேடை வைத்தேன். இழைக்காத பலகை, பார்க்க நன்றாக இருக்காது.

கடைகளில் விற்கும் விலை உயர்ந்த நாற்காலிகளில் பல அமெரிக்க, ஐரோப்பிய உடம்புகளை நினைத்துச் செய்த வடிவங்களின் நகல்தான். இந்தியர்களின் உடல் அளவுகளைத் தொகுத்து தேப்குமார் சக்ரவர்த்தி எழுதிய நூலை அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகம் 1997-இலேயே வெளியிட்டுவிட்டது. முட்டிக்குக் கீழ் நம் கால் எவ்வளவு உயரம், உட்கார்ந்தால் முழங்கை எங்கே வரும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. நாற்காலி விற்கிறவர் யாரும் வாங்குகிறவரிடம் அந்த அளவுகளைக் கேட்பதில்லை. தையல்காரர்கூட அளவெடுத்துத்தான் ஜாக்கெட் தைக்கிறார்.

முதுகு விஷயத்தில் டாக்டர்களுக்குள்ளேயே நெடுநாள் வழக்கு. ஸ்வீடனில் ஆல்ஃப் நாச்செம்சன் 1960-களில் உயிருள்ள மனிதர்களின் முதுகெலும்புத் தட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட உட்கார்வதில் அழுத்தம் அதிகம், முன்னால் குனிந்தால் இன்னும் அதிகம் என்று வந்தது. 1999-இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்கே குழுவினர் மறுபடி அளந்தபோது வித்தியாசம் அவ்வளவு இல்லை. நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்து தளர்ந்து உட்கார்ந்தால் நிற்பதைவிடவே குறைந்தது. டென்மார்க் அறுவை மருத்துவர் மண்டால் வேறொன்று சொன்னார்: தொண்ணூறு பாகையில் விறைப்பாக உட்காருவது படத்துக்கு அழகு, உடம்பால் முடியாது, இருக்கை முன்னோக்கிச் சரிந்து, தொடைக்கும் உடம்புக்கும் நடுவே கோணம் விரிந்தால் இடுப்பின் இயல்பான வளைவு நிலைக்கும். ஈரானில் கம்பளம் நெய்கிறவர்களுக்காக ஆய்வு செய்த சூபினே குழுவினர் பரிந்துரைத்ததும் உயரமான, முன்சரிவுள்ள இருக்கையைத்தான். அக்கா மடித்துப் போட்ட புடவை அதைத்தான் செய்தது.

இவற்றில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் ஒன்று எனக்கு வசதியாக இருந்தது: கட்டம் நிரப்பும்போது முன்சரிவு, நிரப்பியதைச் சரிபார்க்கும்போது பின்சாய்வு. இரண்டுக்கும் இடம் கொடுக்காத நாற்காலி எனக்கு வேண்டாம். பிளாஸ்டிக் நாற்காலியின் பெரிய குறையே இதுதான். அதன் இருக்கை பின்னோக்கிச் சரிவு, திண்ணையில் பேப்பர் படிக்க நல்லது. மேசை வேலைக்கு நம்மை எப்போதும் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். வேறு வழியில்லாதவர்கள் இருக்கையில் பின்பக்கம் தடிமனாக வரும்படி துணி மடித்துப் போட்டு, இடுப்பு வளைவில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளலாம். நான் வீட்டில் இப்போதும் அப்படித்தான்.

கண்ணுக்கு வருகிறேன். தறியில் இழை அறுந்தால் அண்ணா கிட்டத்தில் குனிவார், முடிச்சுப் போடுவார், உடனே நிமிர்ந்துவிடுவார். என் வேலையில் குனிந்தவள் குனிந்தபடியே இருப்பேன், ஏனென்றால் அடுத்த கட்டமும் அதே அளவில் பொடியாகத்தான் இருக்கும். கழுத்தை நீட்டுவதற்குப் பதில் திரையில் கிராஃபைப் பெரிதாக்கிக்கொள்வது என்ற எளிய பழக்கம் வர எனக்கு வெகுநாள் ஆனது. மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுத் தாழ்வாக, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்தால் போதும். மவுஸ் கீபோர்டை ஒட்டியே இருக்க வேண்டும். நாள் முழுக்கக் கட்டம் நிரப்புகிறவர்களுக்குத் தோள்வலி பெரும்பாலும் தூரத்து மவுஸால்தான். லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை, ஆகவே கழுத்தோ கையோ ஏதாவது ஒன்று கஷ்டப்பட்டே தீரும். புத்தகங்களை அடுக்கி அதை உயர்த்தி, தனி கீபோர்டு ஒன்றைச் செருகிவிட்டால் தீர்ந்தது.

இதெல்லாம் சாமான். தறியிடம் நான் கண்ட பெரிய விஷயம் வேறு. குறுக்கே ஓடும் நாடாவுக்குள் இருக்கும் நூல் தார் தீர்ந்துபோகும். எவ்வளவு அவசரப் புடவையானாலும் தார் தீர்ந்தால் கை நிற்க வேண்டும். அக்கா ராட்டையில் சுற்றி வைத்த புதுத் தாரை எடுக்கத் திரும்ப வேண்டும். கொஞ்சம் நெய்ததும் படைமரத்தில் சுருட்ட வேண்டும். மேலே அட்டை சிக்கினால் குழியை விட்டு எழுந்து நிற்க வேண்டும். அண்ணா ஒரே இடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதாக வெளியிலிருந்து தெரியும். பக்கத்தில் இருந்து பார்த்தால் அவர் ஒரே மாதிரி உட்கார்ந்திருப்பது மிகக் கொஞ்ச நேரம்தான். கம்ப்யூட்டரில் தீர்ந்துபோவது எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இத்தனை மணி நேரம்தான் உட்காரலாம் என்று எண் எதுவும் இல்லை. உட்காரும் நேரத்தைக் குறையுங்கள், லேசான அசைவானாலும் சரி என்றுதான் இருக்கிறது. நான் தண்ணீர் பாட்டிலை மேசையிலிருந்து எடுத்துவிட்டேன். சின்ன டம்ளர்தான். தீர்ந்தால் எழுந்து போய்த்தான் குடிக்க வேண்டும்.

குழித்தறியைக் கோயில் ஆக்க எனக்கு விருப்பமில்லை. மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறும், ஈரம் காயும்வரை நெசவு நிற்கும், கூலியும் நிற்கும். ஜக்கார்டைத் தூக்கும் மிதியை ஒரே கால்தான் நாள் முழுக்க மிதிக்கிறது. அண்ணா எழும்போது அந்த முட்டியைக் கையால் பிடித்துக்கொண்டுதான் எழுவார். சில வீடுகளில் தூக்குவதற்கு மோட்டார் பொருத்திவிட்டார்கள், காலுக்கு அது பெரிய விடுதலை. இவர் பொருத்தவில்லை. பிள்ளைகள் யாரும் தறிக்கு வரப்போவதில்லை, எதற்குச் செலவு என்கிறார். உட்காரும் விதம் சரியாக இருந்தாலும், கூலி கட்டுப்படியாவதற்காக உட்காரும் நேரம் நீண்டுகொண்டே போனால் எந்த உடம்பும் தாங்காது. அது கம்ப்யூட்டருக்கும் பொருந்தும்.

இப்படி உட்கார்ந்து நெய்த புடவையைக் கடையில் நின்றுகொண்டே விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021-இல்தான். கேரளத்தில் 2018-இல் வந்துவிட்டது. ஜவுளிக்கடைக்குப் போகும்போது கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று இப்போதெல்லாம் நான் எட்டிப் பார்க்கிறேன்.

ஜரிகையும் ஒருவழியாகக் கற்றுக்கொண்டேன், அது தனிக்கதை. நாற்காலி வாங்கப் போகிறவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கும் முன் செருப்பைக் கழற்றிவிட்டு, முதுகு சாய்மானத்தில் படும்படி உள்ளே தள்ளி உட்காருங்கள். குதிகால் தரையில் பதியவில்லை என்றால், உயரத்தைக் குறைக்க முடிகிற நாற்காலியைக் கேளுங்கள், அல்லது வீட்டில் காலுக்கு ஒரு பலகை போட்டுக்கொள்ளுங்கள். முட்டியின் பின்புறத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். வீட்டில் அதில் அதிக நேரம் உட்காரப் போவது யாரோ, அவரையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.