செவ்வாய்க்கிழமை ஓய்வு

நெய்வேலிச் சுரங்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் ஊற்றுநீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறைப்பு நின்றால் நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். வெட்டிய கரியையும் நாள்கணக்கில் குவித்து வைக்க முடியாது. காற்றுப் பட்டுக் கிடந்தால் தானாகவே கனன்று தீப்பிடிக்கும். ஆகவே இறைப்பது, வெட்டுவது, பெல்ட்டில் அனுப்புவது, எரிப்பது எல்லாம் ஓயாமல் நடக்கின்றன. 1957 மே 20 அன்று நேரு தொடங்கிவைத்த சுரங்கம் இது. 1961 ஆகஸ்டில் கரி தட்டுப்பட்டது. அடுத்த ஆண்டே மின்சாரம் வந்தது. அன்றிலிருந்து இந்த ஊரின் வாரம் ஷிப்டுகளால் ஆனது. ஒரு வீட்டில் வார ஓய்வு திங்கள் என்றால் பக்கத்து வீட்டில் வியாழன்.

அன்றிரவு ஆர்ச் கேட் நிறுத்தத்தில் நான் பார்த்த மனிதருக்குச் செவ்வாய்க்கிழமை ஓய்வு.

மணி பத்தைத் தாண்டியிருந்தது. நான் கும்பகோணம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். கிளாம்பாக்கத்திலிருந்து வந்த அரசுப் பேருந்து ஒன்று ஐந்து பேரை இறக்கிவிட்டுப் போனது. முதலில் குதித்தவன் ஆறு வயதுப் பையன். கழுத்தில் பச்சை நிறப் பிளாஸ்டிக் பைனாகுலர். அவனுக்கு அடுத்து நாலாவதோ ஐந்தாவதோ படிக்கிற அக்கா. ஒயர்கூடையில் காலி டிபன் கேரியரோடு அம்மா. பிறகு, முழங்காலில் கை ஊன்றி ஒவ்வொரு படியாக இறங்கிய ஆயா; வெள்ளைப் புடவை, நெற்றி நிறையத் திருநீறு. கடைசியில் தகப்பன். காலையில் இஸ்திரி போட்ட சட்டையின் மடிப்பு தோளில் மட்டும் மிச்சம் இருந்தது.

"அப்பா, ஓட்டலு?" என்றான் பையன்.

"இருடா. பாக்கலாம்."

எதிர்ப்பக்கம் ஒரு டிபன் கடை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ஒரு பையன் தரைக்குத் தண்ணீர் விட்டுத் தள்ளிக்கொண்டிருந்தான். தகப்பன் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "மாவு தீந்துபோச்சுண்ணா" என்றது உள்ளிருந்து ஒரு குரல். அடுத்த கடையில் விளக்கே இல்லை. நாலு எட்டு தள்ளி ஒரு பரோட்டாக் கடை மட்டும் உயிரோடு இருந்தது. அவர்கள் அங்கே போய் உட்கார்ந்தார்கள். நான் அதே கடை வாசலில் டீ கிளாஸோடு நின்றிருந்தேன்.

பரோட்டா இருந்தது. சால்னாவும் இருந்தது, ஆனால் கோழிச் சால்னா. ஆயா அதைக் கேட்டதுமே, "எனக்குப் பசியில்ல, புள்ளைங்களுக்குக் குடுங்க" என்றார்.

"அம்மா கறி சேத்துக்கமாட்டாங்கண்ணா. வேற ஏதாச்சும் குருமா கிருமா இருக்குமா?"

"சைவக் குருமா சாயந்தரத்தோட முடிஞ்சுதுங்க."

மாஸ்டர் மாவுருண்டையைத் தட்டிக்கொண்டே பையனைப் பார்த்தார். பைனாகுலரைப் பார்த்ததும் கேட்கத் தோன்றியிருக்க வேண்டும். "எங்கடா தம்பி போயிட்டு வர?"

"வண்டலூரு."

"சிங்கம் பாத்தியா?"

பையன் பதில் சொல்லவில்லை. அக்காதான் சொன்னாள். சொல்வதற்கு முன் அப்பா முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "மூடியிருந்துச்சு. செவ்வாக்கெழம லீவாம்."

மாஸ்டரின் கை ஒரு கணம் நின்று, மறுபடி தட்டத் தொடங்கியது. யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் ஷிப்ட் தெரிந்தவர்கள்.

பிறகு தகப்பன் தானாகவே பேசினார், யாருக்கென்று இல்லாமல். காலாண்டு லீவில் கூட்டிப்போகிறேன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி மாதமாகிவிட்டது. சுரங்கத்தில் ஒப்பந்த வேலை. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற மண்ணை அள்ளுவது. ஆஃப் கிடைப்பது செவ்வாய் ஒன்றுதான். "முன்ன மாதிரி கோயம்பேடு போய் திரும்பி வர வேணாம், இப்பதான் பஸ்ஸே கிளாம்பாக்கத்துல நிக்குதே, அங்கேருந்து பக்கம்னு நெனச்சேன். லீவு நாள்ல செவ்வாக்கெழமயும் தெறப்பாங்கன்னு வாட்ஸப்புல வேற பாத்தேன்."

அவர் பார்த்த செய்தி பொய்யாக இருந்திருக்காது. பொங்கல் போன்ற கூட்டம் நெரியும் நாள்களில் வண்டலூர் உயிரியல் பூங்காவைச் செவ்வாயும் திறப்பது உண்டு. முன்கூட்டியே அறிவிப்பார்கள். அந்த அறிவிப்பு அந்த வாரத்துக்கு மட்டுமே உரியது. வாட்ஸப்பில் அது வருடம் முழுக்கச் சுற்றுகிறது. தேதி இல்லாமல் வருகிற நல்ல செய்தியை நம்பிக் குடும்பத்தோடு கிளம்புகிறவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூங்காவையும் குறைசொல்ல முடியாது. ஆறு நாளும் ஆயிரக்கணக்கான கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும் விலங்குகளுக்கு ஒரு நாளாவது அமைதி வேண்டும். கூண்டையும் அகழியையும் பராமரிக்கிறவர்களுக்கும் ஒரு நாள் வேண்டும்.

அந்தப் பூங்கா எளிய சனங்களுக்கு என்னவாக இருந்திருக்கிறது என்பதை நினைத்தால்தான் அந்த வாசல் மூடியிருந்ததன் வலி புரியும். 1855இல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்வர்ட் பால்ஃபர் விலங்குகளைச் சேர்க்க ஆரம்பித்தார். ஆற்காட்டு நவாபிடம் பேசி அவருடைய விலங்குகளையும் வாங்கி வைத்தார். ஜனம் திரண்டது. அதற்குமுன் அரண்மனைக்காரர்கள் மட்டும் பார்த்த மிருகங்களைக் கூலிக்காரனும் பார்க்க முடிந்தது. பிறகு சென்ட்ரல் பக்கம் பார்க் டவுனுக்குப் போய், இடம் போதாமல் 1985இல் வண்டலூருக்கு வந்தது. இன்று 602 ஹெக்டேர். தமிழ்நாட்டில் ஒரு பிள்ளை முதன்முதலாகச் சிங்கத்தைப் பார்ப்பது பெரும்பாலும் அங்கேதான். 2021 ஜூனில் கொரோனாவில் நீலா என்ற பெண்சிங்கம் அங்கே இறந்தபோது, அதை நேரில் பார்த்தே இராத ஊர்களில்கூட அந்தப் பெயரைச் சொல்லி வருந்தினார்கள்.

வாசலில் இவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அந்தப் பெண்பிள்ளை துண்டுதுண்டாகச் சொன்னாள். விடிகாலை இருட்டில் கிளம்பியிருக்கிறார்கள். வண்டலூரில் இறங்கி நடந்துபோனால் கேட் பூட்டியிருந்தது. அம்மா கட்டிக்கொண்டு வந்திருந்த எலுமிச்சம்பழச் சாதத்தை ரோட்டோர மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தம்பி அழுதான். அழுகையை நிறுத்த வாங்கியதுதான் பைனாகுலர். பிறகு தாம்பரம் போய்க் கடைத்தெருவைச் சுற்றினார்கள். ஆயாவுக்குக் கால் வீங்கிவிட்டது. "பீச்சுக்குப் போலாம்னு அப்பா சொன்னாங்க. ஆயாவால முடியலன்னு அம்மா வேணாம்னுட்டாங்க."

"நா ஒண்ணும் சொல்லல சாமி. ஒங்க அம்மாதான் சொன்னா" என்றார் ஆயா.

அம்மா அதுவரை பேசவே இல்லை. மடியில் சாய்ந்த பையனின் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். அவள் மெதுவாகச் சொன்னது இதுதான்: "ராவைக்கு ஓட்டல்ல சாப்பாடுன்னு சொல்லியிருந்தோம். அதனாலதான் ராத்திரிக்கு ஒண்ணும் கட்டல."

ஆக, பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட வாக்குகள் இரண்டு. சிங்கம், ஓட்டல். முதலாவது போனபின் இரண்டாவதை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று அவர்கள் வழியெல்லாம் பாடுபட்டிருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் பஸ் நின்ற இடத்தில் விலையைக் கேட்டிருக்கிறார் தகப்பன். ஐந்து பேருக்கு ஒரு தோசை வீதம் போட்டாலே அவருடைய ஒரு நாள் கூலி தாண்டிவிடும். ஊரில் போய்ச் சாப்பிடலாம் என்று திரும்பி ஏறிவிட்டார்கள். விக்கிரவாண்டிக்கு இந்தப் பக்கம் சாலை எப்படி இருக்கும் என்பது இந்தத் தடத்தில் போகிறவர்களுக்குத் தெரியும். நான்குவழிச்சாலை வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்த தடம் அது. ஊர் வந்து சேர்ந்தபோது ஊரில் அடுப்பு அணைந்துவிட்டது.

சுரங்கத்துக்குள் அந்த நேரத்திலும் விளக்குகள் எரிகின்றன. ராட்சத மண்வெட்டி இயந்திரங்களின் சக்கரங்கள் சுழல்கின்றன. நைட் ஷிப்டுக்குப் போனவர்களுக்கு உள்ளே டீ உண்டு. அந்த மனிதருக்கு அந்த வாசல் பழக்கமானதுதான். ஆனால் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நுழைகிற வாசல் அல்ல அது. இருபத்திநாலு மணி நேரமும் விழித்திருக்கும் ஊரில், பத்து மணிக்குமேல் ஒரு குடும்பம் உட்கார்ந்து இட்லி சாப்பிட இடமில்லை. இத்தனை ஆண்டுகளில் இந்தக் குறையை யாரும் பெரிதாக எண்ணவில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பரோட்டா வந்தது. பையன் முதல் துண்டைச் சால்னாவில் தோய்த்து வாயில் வைத்தான். கண் செருகிக்கொண்டிருந்தது. அக்கா தன் தட்டிலிருந்து பிய்த்து அவனுக்கு ஊட்டினாள்.

"அடுத்த ஊரு வடலூரு. ஐயா மூட்டுன அடுப்பு அணையவே அணையாது" என்றார் ஆயா, பொதுவாக. குற்றம் சொல்கிற தொனி இல்லை; நினைத்துக்கொண்ட தொனி. 1867 மே மாதம் வள்ளலார் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை எரிகிறது. வந்தவர் யாரென்று கேட்காமல் சோறு போடுகிறார்கள். மாதப் பூசத்துக்குத் தவறாமல் போகிறவராக இருக்க வேண்டும் இந்த ஆயா. பசியோடு இருந்தும் கோழிச் சால்னா வேண்டாம் என்று உட்கார்ந்திருக்கிற உறுதி அங்கிருந்து வந்தது.

மாஸ்டர் கல்லை விட்டு நகர்ந்து வாசலுக்கு வந்தார். எதிரே பேக்கரிக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்து மூடிக்கொண்டிருந்தார். "பாய், ரெண்டு பன்னு. பால் இருந்தா ஒரு டம்ளர் சுட வெச்சுக் குடுங்க, பெரியம்மாவுக்கு" என்று குரல் கொடுத்தார். பால் வந்தது. ஆயா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பன்னைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, தோய்த்து, மென்றார். பாதிப் பன்னை மருமகள் பக்கம் நகர்த்தினார். மருமகள் நகர்த்தி அனுப்பினாள். அது ஒருமுறை போய்வந்தபின் ஆயாவே சாப்பிட்டார்.

தகப்பன் தனக்கென்று எதுவும் சொல்லவில்லை. பிள்ளைகளின் தட்டுகளில் மிஞ்சியதை ஒன்றாகச் சேர்த்து மூன்று வாயில் முடித்துக்கொண்டார். காலை முதல் ஷிப்ட் அவருக்கு.

காசு கொடுக்கப் போனபோது பாலுக்கும் பன்னுக்கும் மாஸ்டர் வாங்கவில்லை. தகப்பன் வற்புறுத்தினார். "அட, வுடுங்க" என்று மட்டும் சொன்னார் மாஸ்டர்.

ஷேர் ஆட்டோ பிடிக்க நடக்கும்போது அந்தப் பெண்பிள்ளை கேட்டாள்: "அப்பா, திரும்ப எப்ப?"

"அடுத்த மாசம் ஆஃப் வெள்ளிக்கு மாறுது. அப்ப போலாம்."

"வெள்ளிக்கெழம ஸ்கூலுப்பா."

அவர் நின்றார். மனைவியைப் பார்த்தார். "ஒரு நாளுதானே" என்றாள் அவள். "லெட்டர் எழுதிக் குடுத்துக்கலாம்."

வண்டலூர் வெள்ளிக்கிழமை திறந்திருக்கும். நெய்வேலிப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஷிப்ட் வேலைக்காரர் வீட்டுப் பிள்ளை, "அப்பாவுக்கு இன்று ஓய்வு, வண்டலூர் போகிறோம்" என்று விடுப்புக் கடிதம் கொண்டுவந்தால், காய்ச்சல் என்று மாற்றி எழுதி வரச் சொல்லாதீர்கள். உள்ளது உள்ளபடியே இருக்கட்டும். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.