குரங்கணி மலையும் குடி தண்ணீரும்

தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரிலிருந்து சுமார் 16 கிலோ மீட்டர் பஸ்ஸில் போனால் குரங்கணி. வழியெல்லாம் மாந்தோப்புகளும் இலவ மரங்களும். அண்ணாந்து பார்த்தால் கொழுக்குமலை. ஊரை ஒட்டி ஓடுவது கொட்டகுடி ஆறு. போடிக்காரர்களின் அடுப்படிக்கு வருவது இந்த ஆற்றுத் தண்ணீர்தான். கடைசியில் வைகையில் கலப்பதும் இதுவே.

குரங்கணி என்றதும் 2018 மார்ச் 11 நினைவுக்கு வராமல் இராது. மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி, 23 பேர் மாண்டார்கள். அவர்களில் பெண்கள் பலர். அந்தச் சரிவைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது.

தீ அணைந்தால் சங்கதி முடிந்தது என்று நினைக்கிறோம். ஆற்றில் துணி அலசிக்கொண்டிருந்த பாட்டியம்மா அப்படி நினைக்கவில்லை.

“தீ போனா என்ன தாயி? அதுக்கப்புறம் வர்ற மொத மழையைல்ல பாக்கணும். தண்ணி கறுப்பா வரும்!” என்றார்.

காரணம் இதுதான். காட்டுத் தரையில் சருகும் மக்கும் மெத்தை மாதிரிக் கிடக்கின்றன. காபி பில்டரில் டிகாக்ஷன் இறங்குகிற மாதிரி, மழைத் தண்ணீர் அதன் வழியே மெல்ல மண்ணுக்குள் இறங்கி, கோடையிலும் ஓடையில் கசிகிறது. தீ அந்த மெத்தையை எரித்துவிடுகிறது. அதோடு, இலைகளிலுள்ள மெழுகுப் பொருள் சூட்டில் ஆவியாகி, மேல் மண்ணுக்குச் சற்றுக் கீழே போய்ப் படிகிறது. எண்ணெய் தடவிய தட்டில் தண்ணீர் தெளித்தால் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடவில்லையா? அதே கதைதான். மழை உள்ளே இறங்காமல், சாம்பலையும் மேல் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடுகிறது.

‘சாம்பல் உரமாயிற்றே!’ என்பீர்கள். இருந்த இடத்தில் இருந்தால் உரம். ஆற்றில் போனால் கலங்கல்.

எல்லாத் தீயும் ஒன்றல்ல. புல்லில் பற்றிய தீ சட்டென்று ஓடிவிடும். வேர் பிழைத்து, மழையில் மறுபடி துளிர்க்கும். விழுந்த கட்டைகளும் சருகும் நெடுநேரம் கனன்ற இடத்தில்தான் வேர், விதை, மண்ணிலுள்ள நுண்ணுயிர் எல்லாம் மடிகின்றன.

அமெரிக்காவில் டென்வர் நகருக்குத் தண்ணீர் தரும் மலைக்காடு 1996 மே மாதம் எரிந்தது. ஜூலையில் அதே இடத்தில் கொட்டிய மழையில் வெள்ளம் வந்து இருவர் இறந்தார்கள். நகரத்தின் நீர்த்தேக்கத்தில் மண் வந்து குவிந்தது.

மலையடிவாரத்தில் இருக்கும் சகோதரிகள் கவனிக்க வேண்டியது: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், சாம்பல் போகாது. கலங்கல் தண்ணீரை முதலில் தெளிய வையுங்கள். மேலாக இறுத்து, சுத்தமான துணியில் வடிகட்டி, அப்புறம் கொதிக்க விடுங்கள். அப்போதும் கைக்குழந்தைக்குப் பால் கரைக்க அந்தத் தண்ணீர் வேண்டாம்.

லீவுக்கு மலைக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று. வனத்துறை அனுமதித்த இடத்துக்கு மட்டும் போங்கள். அங்கே அடுப்பு மூட்டாமல், புளியோதரையோ தயிர் சாதமோ கட்டுச் சோறாகக் கொண்டுபோங்கள். நாம் அங்கே சிந்தும் ஒரு பொறி, கீழே யாரோ ஒருத்தியின் குடத்தில் கலங்கலாக வந்து சேரும்.